காலேஜ் ஃபீஸுக்கு லோனும் பத்தல, சம்பளமும் பத்தலன்னா எங்கிருந்து ஆரம்பிக்கணும்

வீட்லயே முதல் ஆளா காலேஜ் போற பசங்களுக்கும் அவங்க அப்பா அம்மாவுக்கும்தான் இத எழுதுறேன். தமிழ்நாட்டுல கவுன்சிலிங் முடிஞ்சு அலாட்மென்ட் ஆர்டர் கையில வந்ததும் ஒரு நாள் சந்தோஷமா இருக்கும், மறுநாள் காலேஜ்ல இருந்து ஃபீஸ் பேப்பர் வரும், அப்புறம் வீட்ல யாருக்கும் தூக்கம் இருக்காது. பேங்க்ல லோன் தருவாங்கன்னு நம்பி இருப்பீங்க, அவங்க கேட்டதுல பாதிதான் தர்றேன்னு சொல்லுவாங்க, இல்லன்னா "அடுத்த வாரம் வாங்க"ன்னு அனுப்புவாங்க. இந்த நேரத்துல பயத்துல எடுக்கிற முடிவுதான் நாலு வருஷத்துக்கும் கழுத்தப் பிடிக்கும், அதனால எத முதல்ல செய்யணும் எத கடைசியா செய்யணும்னு எனக்குத் தெரிஞ்ச வரிசையில சொல்றேன்.

ஒரு விஷயத்த மட்டும் ஆரம்பத்துலயே மனசுல வச்சுக்கோங்க. பணம் பத்தலன்னு நம்ம சொல்றதுல ரெண்டு விதம் இருக்கு. ஒண்ணு, வருஷம் முழுசும் கூட்டிப் பாத்தாலும் பத்தாத பணம். இன்னொண்ணு, பின்னாடி வந்துடும் ஆனா கட்ட வேண்டிய தேதிக்கு வராத பணம். பெரும்பாலான குடும்பம் ரெண்டாவது குறையப் பாத்து பயந்து முதல் குறைக்கு வாங்குற மாதிரி பெரிய வட்டிக்கு கடன் வாங்கிடுறாங்க. ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு எழுதிட்டா பாதி பதட்டம் போயிடும்.

முதல் வேலை: பேப்பர் எடுத்து கணக்கு போடுங்க

ஒரு உதாரணம் போட்டுக் காட்டுறேன், இது நான் சும்மா எடுத்துக்கிட்ட கணக்கு, உங்க நம்பர் வேறயா இருக்கும். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறார், அம்மா தையல் கம்பெனிக்குப் போறாங்க, மாசம் ரெண்டு பேருக்கும் சேத்து 20,000. பொண்ணு மெட்ரிக் ஸ்கூல்ல படிச்சவ, கவுன்சிலிங்ல தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல சீட் கிடைச்சிருக்கு. 2017-ல ஃபீஸ் கமிட்டி நிர்ணயிச்ச ரேட்டுப்படி அங்கீகாரம் உள்ள கோர்ஸுக்கு கவுன்சிலிங் சீட்டுல டியூஷன் வருஷம் 55,000 (மேனேஜ்மென்ட் சீட்டுக்கு 87,000). அது மேல இதர கட்டணம்னு 25,000, ஹாஸ்டல் மெஸ் 80,000, லேப்டாப் புக்ஸ் துணிமணி போக்குவரத்து 30,000. மொத்தம் 1,90,000.

இதுல முதல் தலைமுறை பட்டதாரி சலுகை 25,000 கழிஞ்சா 1,65,000. பேங்க் நாலு வருஷத்துக்கு 4 லட்சம் லோன் தருதுன்னா வருஷத்துக்கு 1 லட்சம். வீட்ல இருந்து மாசம் 2,500 ஒதுக்க முடிஞ்சா 30,000. ஆக வருஷக் குறை 35,000.

இப்போ ஜூலை மாசத்த மட்டும் தனியாப் பாருங்க. முதல் செமஸ்டர் டியூஷன் 15,000 (பாதி டியூஷன் 27,500-ல பாதி சலுகை 12,500 போக), இதர கட்டணம் முழுசும் 25,000, ஹாஸ்டல் பாதி 40,000, லேப்டாப் புக்ஸ் 25,000, ஆக 1,05,000 வேணும். கையில இருக்கிறது ஒரு 30,000. லோன் ஆகஸ்ட் செப்டம்பர்லதான் வரும். ஆக ஜூலைக் குறை 75,000.

வருஷக் குறை 35,000, ஜூலைக் குறை 75,000. வீட்ல எல்லாரும் 75,000-ஐப் பாத்துதான் அழுவாங்க, ஆனா அதுல பெரும்பகுதிக்கு வேண்டியது கொஞ்சம் டைம் மட்டும்தான். உண்மையிலேயே யோசிச்சு அடைக்க வேண்டியது 35,000. அத முடிஞ்ச வரைக்கும் கடனால அடைக்கக் கூடாது, உதவித்தொகையாலயும் செலவக் குறைச்சும்தான் அடைக்கணும்.

சேர்றதுக்கு முன்னாடியே யோசிக்க வேண்டியது

இன்னும் காலேஜ் சேரலன்னா இந்தப் பகுதிய ரெண்டு தடவ படிங்க. நல்ல காலேஜ்னு யாரோ சொன்னாங்கன்னு கவுன்சிலிங்குக்கு முன்னாடியே மேனேஜ்மென்ட் கோட்டாவுல பணம் கட்டிடாதீங்க. கவுன்சிலிங் வழியா போனாதான் முதல் பட்டதாரி சலுகை, கவுன்சிலிங் வழியா போனாதான் அரசுப் பள்ளி பசங்களுக்கான 7.5% ஒதுக்கீடு, பேங்க்லயும் மெரிட் சீட்டுன்னா ஒரு மாதிரி பேசுவாங்க மேனேஜ்மென்ட் சீட்டுன்னா வேற மாதிரி பேசுவாங்க. டொனேஷன் கேட்டா, அப்படி வாங்குறது 1992-லயே தமிழ்நாட்டுல சட்டம் போட்டுத் தடை பண்ணின விஷயம்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க, ரசீது இல்லாத பணம் எதுக்கும் லோனும் கிடைக்காது.

6-ம் கிளாஸ்ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளையா இருந்தா அந்த 7.5% ஒதுக்கீட்ட விட்டுடாதீங்க. மெடிக்கலுக்கு 2020-லயும் இன்ஜினியரிங், அக்ரி, வெட்னரி, சட்டம் மாதிரி படிப்புகளுக்கு 2021-லயும் வந்தது, அதுல சீட் கிடைச்சா டியூஷனும் ஹாஸ்டலும் கவுன்சிலிங் ஃபீஸும் அரசாங்கமே கட்டுது. இது தெரியாம சாதாரண லிஸ்ட்ல கொஞ்சம் "பேர் போன" காலேஜ் கிடைச்சதுன்னு இத விட்டுட்டு அங்க போய் சேர்ற குடும்பங்கள் இருக்கு, எனக்கு அதப் பாக்கும்போது ரொம்ப வருத்தமா இருக்கும்.

அரசு கலை அறிவியல் காலேஜ்ல டியூஷன் ஃபீஸே கிடையாது, மத்த கட்டணம் எல்லாம் சேத்தாலும் சில ஆயிரத்துல முடிஞ்சிடும். பிஎஸ்சி, பிகாம்னா மட்டம்னு நினைக்காதீங்க, கடனே இல்லாம டிகிரி முடிச்சு வெளிய வர்றது ஒரு பெரிய பலம். இன்ஜினியரிங்தான் வேணும், பணமே இல்லன்னா அரசு பாலிடெக்னிக்ல டிப்ளமோ முடிச்சுட்டு லேட்டரல் என்ட்ரில நேரா பிஇ ரெண்டாவது வருஷம் சேரலாம். சென்னை ஐஐடி 2021-ல ஆரம்பிச்ச ஆன்லைன் பிஎஸ் படிப்புல குடும்ப வருமானத்தப் பொறுத்து 75% வரைக்கும் ஃபீஸ் குறைப்பு இருக்கு, வீட்ல இருந்தே படிக்கலாம், கணக்கு நல்லா வர்ற பசங்க யோசிக்கலாம்.

ரெண்டாவது வேலை: சர்டிபிகேட்

இத ஜூலைல ஓடி ஓடி வாங்குறவங்கதான் அதிகம், ஆனா ஏப்ரல் மே-லயே வாங்கிடணும். இ-சேவை மையத்துல 60 ரூபாய்தான். ஜாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு ஒவ்வொரு லாகின்லயும் நகரணும், ரிசல்ட் வந்த வாரத்துல எல்லாரும் ஒரே நேரத்துல அப்ளை பண்றதால அங்கயே தேங்கும். அப்ளை பண்ணிட்டு சும்மா இருக்காம விஏஓவ நேர்ல போய் பாத்துடுங்க.

முதல் பட்டதாரி சலுகை ஒரு குடும்பத்துல ஒரு பிள்ளைக்குத்தான். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவங்க யாரும் டிகிரி முடிச்சிருக்கக் கூடாது. ரெண்டு பிள்ளை இருந்தா யாருக்கு இத எடுக்கிறதுன்னு யோசிச்சு எடுங்க, பெரியவன் அரசு கலைக் கல்லூரி போறான், சின்னவ இன்ஜினியரிங் போக ஆசைப்படுறான்னா என்ன பண்றதுன்னு முன்னாடியே வீட்ல பேசிடணும், ஏன்னா பெரியவன் டிகிரி முடிச்சுட்டாலே சின்னவளுக்கு அந்தத் தகுதி போயிடும்.

வருமானச் சான்றிதழ்ல போடுற தொகை எல்லா இடத்துலயும் ஒண்ணா இருக்கணும். ஸ்காலர்ஷிப்புக்கு ஒரு நம்பர் பேங்க்குக்கு ஒரு நம்பர்னு குடுத்தா பின்னாடி மாட்டிக்குவீங்க. இது ஒரு வருஷம்தான் செல்லும், அதனால ஒவ்வொரு வருஷமும் புதுசு வாங்கணும்.

அப்புறம் பேர். இது சின்ன விஷயமாத் தெரியும், ஆனா எத்தனையோ பேருக்கு பணம் நிக்கிறது இங்கதான். பத்தாவது மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி இருக்கும், ஆதார்ல பின்னாடி இருக்கும், பேங்க் பாஸ்புக்ல இனிஷியலே இருக்காது. ஸ்காலர்ஷிப் போர்ட்டல் இதெல்லாம் ஒண்ணான்னு பாக்கும். மார்க் ஷீட்ல எப்படி இருக்கோ அப்படியே ஆதார்லயும் பாஸ்புக்லயும் மாத்திடுங்க. பிள்ளை பேர்ல இருக்கிற அக்கவுன்ட்ல ஆதார் லிங்க் ஆகியிருக்கணும், அது மட்டும் பத்தாது, அரசுப் பணம் வர்றதுக்கு "சீடிங்"னு தனியா ஒண்ணு இருக்கு, பேங்க்ல போய் "என்பிசிஐ மேப்பிங் ஆயிருக்கா பாருங்க"ன்னு கேட்டாலே சொல்லிடுவாங்க. ஸ்கூல்ல படிக்கும்போது ஆரம்பிச்ச பழைய அக்கவுன்ட் யூஸ் பண்ணாம தூங்கிப் போயிருந்தா பணம் அதுல ஏறாம திரும்பிடும், அதனால ஒரு நூறு ரூபாய் போட்டு எடுத்து அது உயிரோட இருக்கான்னு பாத்துடுங்க.

மூணாவது வேலை: திருப்பிக் குடுக்க வேண்டாத பணம்

லோனுக்கு ஓடுறதுக்கு முன்னாடி இத முடிக்கணும். எல்லாத்தையும் எழுத முடியாது, முக்கியமானத சொல்றேன்.

பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி பசங்களுக்கு அரசு உதவித்தொகை இருக்கு, குடும்ப வருமானம் வருஷம் இரண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும். இப்போ இதெல்லாம் யுஎம்ஐஎஸ்னு சொல்ற, காலேஜ் மாணவர்களுக்கான அரசுப் பதிவு நம்பர் வழியாத்தான் நடக்குது, காலேஜ் சேந்ததும் அந்த நம்பர் உங்களுக்குக் கிடைக்கும். காலேஜ்ல ஸ்காலர்ஷிப் பாக்குற ஒரு ஸ்டாஃப் இருப்பார், முதல் வாரத்துலயே அவர் யாருன்னு கண்டுபிடிச்சு பேர், சீட் எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கோங்க, நாலு வருஷத்துக்கும் உங்களுக்கு வேண்டிய ஆள் அவர்தான். எஸ்சி பசங்களுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்ல (பத்தாவதுக்கு மேல படிக்கிறவங்களுக்கானது) இப்போ மத்திய அரசு பங்கு நேரா மாணவர் அக்கவுன்ட்டுக்கு வருது, அத எடுத்து வீட்டுச் செலவுக்குப் போட்டுட்டா காலேஜ் ஃபீஸ் பாக்கி நிக்கும், அந்தப் பணம் வந்த அன்னைக்கே கட்டிட்டு ரசீது வாங்கிடுங்க.

அரசுப் பள்ளியிலயோ அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் மீடியத்துலயோ 6 முதல் 12 வரைக்கும் படிச்சவங்களுக்கு மாசம் 1,000 ரூபாய். பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண் 2022-ல ஆரம்பிச்சது, பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன் 2024-ல. வேற ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் புதுமைப் பெண் பணம் வாங்கலாம், அதனால "ஏற்கனவே ஒண்ணு வருதே"ன்னு விட்டுடாதீங்க. வருஷத்துக்கு 12,000, மேல சொன்ன மாதிரி 35,000 குறை உள்ள ஒரு வீட்டுக்கு அது மூணுல ஒரு பங்கு.

அடுத்தது தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டல். அங்க முதல்ல ஒரு தடவ ரிஜிஸ்ட்ரேஷன் பண்ணி நம்பர் வாங்கணும். இன்ஜினியரிங், டிப்ளமோ முதல் வருஷம் சேர்ற பொண்ணுங்களுக்கு ஏஐசிடிஇ பிரகதி ஸ்காலர்ஷிப் வருஷம் 50,000, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருந்தா போதும், ஒரு வீட்ல ரெண்டு பொண்ணுங்க வரைக்கும் தருவாங்க. மாற்றுத் திறனாளிகளுக்கு சக்ஷம்னு அதே 50,000. அப்பா அம்மா இல்லாத பிள்ளைகளுக்கு ஸ்வநாத். பன்னெண்டாவதுல மார்க் நல்லா இருந்தா, போர்டுல 80 பர்சன்டைலுக்கு மேல இருந்தா (அதாவது பரீட்சை எழுதினவங்கள்ல முதல் 20% பேர்ல வந்தா), வருமானம் நாலரை லட்சத்துக்குள்ள இருந்தா, மத்திய அரசோட இன்னொரு ஸ்காலர்ஷிப் டிகிரி மூணு வருஷத்துக்கு வருஷம் 12,000 தருது, நாலாவது வருஷத்துல 20,000. அத ரினிவல் பண்ண 50% மார்க்கும் 75% அட்டென்டன்ஸும் வேணும். மத்திய அரசு ஸ்காலர்ஷிப்ல பொதுவா ஒண்ணுதான் வாங்க முடியும், அதனால எதுல தொகை அதிகம்னு பாத்து அத எடுங்க, அப்ளை பண்றதுக்கு முன்னாடி விதிமுறைப் பக்கத்த பொறுமையாப் படிங்க.

அப்பா அம்மா செய்யுற வேலைய வச்சும் உதவி இருக்கு, இத நிறைய பேர் கண்டுக்குறதே இல்ல. கட்டடத் தொழிலாளர் நல வாரியத்துல பதிவு இருந்து ரினிவல் பண்ணி வச்சிருந்தா பிள்ளைங்க படிப்புக்கு உதவித்தொகை உண்டு, ஆட்டோ டிரைவர், தையல், வீட்டு வேலைன்னு மத்த அமைப்புசாரா தொழிலாளர் வாரியங்கள்லயும் கேளுங்க. பீடி சுத்துறவங்க பிள்ளைங்களுக்கு மத்திய தொழிலாளர் துறை ஸ்காலர்ஷிப் அதே தேசிய போர்ட்டல்ல இருக்கு. சிறு விவசாயிக்கு உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருந்தா தாலுகா ஆபீஸ்ல கேளுங்க. முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைங்களுக்கு பிரதமர் ஸ்காலர்ஷிப்ல பொண்ணுன்னா மாசம் 3,000, பையன்னா 2,500.

தனியார்ல, அகரம் ஃபவுண்டேஷன் அரசுப் பள்ளியில படிச்ச ரொம்ப கஷ்டமான குடும்பத்துப் பிள்ளைங்கள எடுத்துப் படிக்க வைக்குது. ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் ஒவ்வொரு வருஷமும் முதல் வருஷப் பசங்க 5,000 பேருக்கு டிகிரி முடியுற வரைக்கும் சேத்து 2 லட்சம் வரை தருது, ஆன்லைன்ல ஒரு ஆப்டிட்யூட் டெஸ்ட் இருக்கும். இதுக்கெல்லாம் போட்டி ஜாஸ்தி, ஆனா அப்ளை பண்ண செலவு ஒண்ணும் இல்ல. எந்த ஸ்காலர்ஷிப்புக்காவது "ப்ராசஸிங் ஃபீஸ்" கட்டுங்கன்னு போன் வந்தா கட் பண்ணிடுங்க, ஓடிபி யார் கேட்டாலும் சொல்லாதீங்க.

உதாரணத்துல சொன்ன பொண்ணுக்கு பிரகதி மட்டும் கிடைச்சாலே வருஷக் குறை 35,000 தீந்து மீதியும் இருக்கும். கிடைக்கும்னு உறுதி கிடையாது, ஆனா அதுக்கு அப்ளை பண்ணாமலே வட்டிக்குப் போற குடும்பங்கள் எத்தனையோ.

நாலாவது வேலை: பேங்க் லோன, முழுசா, சரியா

லோன் பத்தலன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் கேக்க வேண்டியத முழுசாக் கேக்கல. கல்விக் கடன்ல டியூஷன் மட்டும் இல்ல, ஹாஸ்டல், மெஸ், எக்ஸாம் ஃபீஸ், புக்ஸ், படிப்புக்குத் தேவையான கம்ப்யூட்டர் எல்லாம் சேத்துக் கேக்கலாம். அதுக்கு காலேஜ்ல இருந்து நாலு வருஷத்துக்குமான செலவு விவரம், தலைப்பு தலைப்பா பிரிச்சு, லெட்டர்ஹெட்ல வாங்கணும். டியூஷன் மட்டும் போட்ட பேப்பரக் குடுத்தா டியூஷனுக்கு மட்டும்தான் லோன் வரும்.

4 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கேக்கக் கூடாது, நம்ம கையில இருந்து பங்கு போடணும்னும் கிடையாது, அப்பாவோ அம்மாவோ கூட்டா கையெழுத்துப் போட்டா போதும். 4 லட்சத்துக்கு மேல ஏழரை லட்சம் வரைக்கும் மத்திய அரசோட கடன் உத்தரவாத நிதி இருக்கு, அதுக்கும் அடமானம் இல்லாம தரலாம், ஆனா அங்க 5% உங்க பங்கு கேப்பாங்க. "உங்க வீடு எங்க ஏரியா இல்ல"ன்னு சொல்லி கல்விக் கடன் அப்ளிகேஷனத் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு. பேங்குகளோட மாதிரித் திட்டப்படி 15 நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள முடிவு சொல்லணும், முடியாதுன்னு சொல்றதா இருந்தா மேலதிகாரி ஒப்புதலோடதான் சொல்லணும். அதனால வாயால "முடியாது"ன்னு சொன்னா சண்டை போடாதீங்க, அமைதியா "எழுதிக் குடுங்க சார்"னு கேளுங்க. அப்ளிகேஷன் குடுத்ததுக்கு அத்தாட்சி வாங்குங்க, ஆன்லைன்ல வித்யாலக்ஷ்மி போர்ட்டல்ல போட்டா தேதியோட பதிவு இருக்கும், அதுதான் உங்க ஆதாரம். அதுக்கும் நகரலன்னா கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை மனு, மாவட்டத்துல இருக்கிற முன்னோடி வங்கி மேலாளர், கடைசியா ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மேன் (பேங்க் மேல உள்ள புகார விசாரிக்கிறவர்), போன் நம்பர் 14448. பல மாவட்டத்துல கலெக்டரே கல்விக் கடன் முகாம் நடத்துவார், அங்க எல்லா பேங்க் ஆளுங்களும் ஒரே இடத்துல இருப்பாங்க, செய்தித்தாள்ல பாத்துட்டே இருங்க.

அப்பா பழைய வண்டி லோன், குழு லோன் ஏதாவது பாக்கி வச்சிருந்தா சிபில்ல (நம்ம பழைய கடன் விவரம் எல்லாம் இருக்கிற பதிவு) தெரியும், அத வச்சு இழுப்பாங்க. வருஷத்துக்கு ஒரு தடவ சிபில் ரிப்போர்ட்ட இலவசமா எடுக்கலாம், அப்ளை பண்றதுக்கு முன்னாடியே எடுத்துப் பாருங்க. அப்பாவோடது சரியில்லன்னா அம்மாவக் கூட்டு விண்ணப்பதாரரா போட முடியுமான்னு கேளுங்க.

இப்போ வட்டி. வருஷம் 1 லட்சம் வீதம் நாலு வருஷம் எடுத்து 9% தனி வட்டின்னு வச்சா, படிப்பும் அதுக்கப்புறம் ஒரு வருஷ அவகாசமும் முடியும்போது வட்டியே 1,26,000 ஆகியிருக்கும். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள்ள இருந்து, தொழில்நுட்ப அல்லது தொழிற்படிப்பா இருந்து, காலேஜ் தகுதிப் பட்டியல்ல வந்தா இந்தக் காலத்து வட்டி முழுசையும் மத்திய அரசு கட்டும், 10 லட்சம் கடன் வரைக்கும். 2024 நவம்பர்ல ஒப்புதல் ஆன பிஎம் வித்யாலக்ஷ்மி திட்டத்துல தரவரிசைப் பட்டியல்ல இருக்கிற நல்ல காலேஜுகளுக்கு அடமானமும் இல்ல ஜாமீனும் இல்ல, வருமானம் 8 லட்சம் வரைக்கும் 3% வட்டிச் சலுகை இருக்கு. வட்டிச் சலுகை தானா வந்துடும்னு நினைக்காதீங்க, லோன் சாங்ஷன் ஆகும்போதே வருமானச் சான்றிதழக் குடுத்து "சப்சிடி க்ளைம்ல என் பேரு போகுதா"ன்னு மேனேஜர்கிட்ட கேளுங்க, அடுத்த வருஷமும் ஞாபகப்படுத்துங்க. வட்டியும் சேந்த 5,26,000-க்கு அதே 9%-ல பத்து வருஷ தவணைன்னா மாசம் சுமார் 6,660, வெறும் 4 லட்சத்துக்குன்னா சுமார் 5,070, அந்த வித்தியாசம் முதல் வேலைக்குப் போற பிள்ளைக்கு எவ்வளவு பெருசுன்னு யோசிச்சுப் பாருங்க.

அஞ்சாவது: அந்த ஜூலை மாசத்த எப்படித் தாண்டுறது

முதல்ல காலேஜ்கிட்ட எழுத்துல டைம் கேளுங்க. "லோன் அப்ளை பண்ணியிருக்கேன், அத்தாட்சி இணைச்சிருக்கேன், ஃபீஸ ரெண்டு தவணையாக் கட்ட அனுமதிக்கணும்"னு பிரின்சிபாலுக்கு ஒரு பக்க லெட்டர். ஆபீஸ் கவுன்டர்ல இருக்கிறவர் முடியாதுன்னுதான் சொல்லுவார், அவருக்கு அந்த அதிகாரமே கிடையாது, அதனால பிரின்சிபாலையோ சேர்மனையோ அப்பா அம்மா பிள்ளை மூணு பேரும் சேந்து நேர்ல பாருங்க. கேக்க கூச்சப்படாதீங்க. காலேஜ் ட்ரஸ்ட்ல ஏழைப் பிள்ளைங்களுக்கு சலுகை இருக்கான்னும் அப்பவே கேட்டுடுங்க.

ஹாஸ்டல் செலவுதான் மேல கணக்குல பெருசு, அதையே தூக்கிட முடியுமான்னு பாருங்க. பிசி, எம்பிசி, ஆதிதிராவிடர் நல கல்லூரி விடுதிகள்ல தங்குறதும் சாப்பாடும் இலவசம், 2025-ல இதுக்கு சமூகநீதி விடுதின்னு பேர் மாத்தினாங்க. பிசி எம்பிசி விடுதிக்கு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும், வீட்டுக்கும் காலேஜுக்கும் குறைஞ்சது 8 கிலோமீட்டர் இருக்கணும், பொண்ணுங்களுக்கு அந்த தூர விதி கிடையாது. தனியார் காலேஜ் பசங்களுக்கு அந்த ஊர் விடுதியில இடம் இருக்கான்னு வார்டன்கிட்ட நேர்லயே கேளுங்க, கட்டடமும் தண்ணியும் எப்படின்னு கண்ணால பாத்துட்டு முடிவு பண்ணுங்க. வீட்ல இருந்து போய் வர முடிஞ்சா காலேஜ் பஸ் ஃபீஸ் கட்டாயமான்னு கேளுங்க, சாதாரண டவுன் பஸ்ல பொண்ணுங்களுக்கு டிக்கெட்டே கிடையாது.

இதெல்லாம் பண்ணியும் மிச்சம் இருக்கிற தொகைக்கு மட்டும் கைமாத்து. வீட்ல நகை இருந்தா கூட்டுறவு பேங்க்லயோ அரசு பேங்க்லயோ வைங்க, அடகுக் கடையில வேண்டாம். நூத்துக்கு மூணு ரூபாய் வட்டின்னா கேக்க சின்னதா இருக்கும், அது வருஷத்துக்கு 36%, ஒரு லட்சத்துக்கு 36,000. கல்விக் கடன் வட்டியப் போல நாலு மடங்கு. முன்னாடியே கட்டின ஃபீஸுக்கு ரசீது காட்டினா பல பேங்க் லோன்ல இருந்து அத திருப்பித் தரும், அத சாங்ஷனுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க, அந்தப் பணம் வந்ததும் நகைய மீட்டுடலாம். அம்மா மகளிர் குழுவுல இருந்தா குழுவோட பேங்க் லிங்கேஜ் கடன் கேக்கலாம். வாராவாரம் வீட்டு வாசல்ல வந்து வசூல் பண்ற கம்பெனி லோன், போன் ஆப் லோன், மீட்டர் வட்டி, ரன் வட்டி, இது எதுக்கும் படிப்புக்காகப் போகவே போகாதீங்க. ஏற்கனவே மாட்டியிருந்தா, கந்துவட்டிக்கு எதிரா தமிழ்நாட்டுல 2003-ல இருந்தே சட்டம் இருக்கு, போலீஸ்லயும் கலெக்டர்கிட்டயும் புகார் குடுக்கலாம்.

வேலை பாத்துக்கிட்டே படிக்கிறதப் பத்தி

பசங்க வார இறுதில கேட்டரிங், டெலிவரி, கடையில கணக்கு எழுதுறதுன்னு போறாங்க. தப்பு இல்ல. ஆனா முதல் செமஸ்டர்ல போக வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன், தமிழ் மீடியத்துல இருந்து வந்த பிள்ளைக்கு அந்த ஆறு மாசம் பாடத்தப் பிடிக்கவே சரியா இருக்கும். அரியர் விழுந்தா எக்ஸாம் ஃபீஸ் மறுபடி கட்டணும், சில ஸ்காலர்ஷிப் ரினிவல் போயிடும், கேம்பஸ் இன்டர்வியூல "அரியர் இல்லாதவங்க மட்டும்"னு சொல்லுவாங்க, கேட்டரிங்ல சம்பாதிச்சதவிட அதுல போறது அதிகம். ரெண்டாவது வருஷத்துல இருந்து பக்கத்து வீட்டுப் பசங்களுக்கு சாயங்காலம் ட்யூஷன் எடுக்கிறது நல்லது, அலைச்சல் இல்ல, பாடமும் மறக்காது. ராத்திரி ஷிஃப்ட் மட்டும் வேண்டாம், உடம்பு தாங்காது.

பாதியில நின்னுடுமோன்னு பயமா இருந்தா

ஃபீஸ் கட்டலன்னு ஹால் டிக்கெட் தர மாட்டேன்னு சொன்னா அன்னைக்கே வகுப்பு ஆசிரியர்கிட்டயும் ஹெச்ஓடிகிட்டயும் சொல்லுங்க, மறைச்சு வச்சு லீவ் போட்டுட்டு வீட்ல உக்காந்தா அட்டென்டன்ஸும் போகும். சேந்த கொஞ்ச நாள்லயே இந்தக் காலேஜ் நம்மால முடியாதுன்னு தெரிஞ்சா, கட்டின ஃபீஸ எந்தத் தேதிக்குள்ள விலகினா எவ்வளவு திருப்பித் தரணும்னு யுஜிசி விதி இருக்கு, சேர்க்கை கடைசித் தேதிய ஒட்டித்தான் அது கணக்காகும், அதனால விலகுறதா இருந்தா நாள் கடத்தாம எழுத்துல குடுங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்ட காலேஜ் பிடிச்சு வச்சுக்கக் கூடாதுன்னு 2018 யுஜிசி அறிவிப்புல தெளிவா இருக்கு.

ஒவ்வொரு வருஷமும் ஸ்காலர்ஷிப் ரினிவல், வருமானச் சான்றிதழ், அடுத்த வருஷ லோன் தவணைக்கு மார்க் ஷீட்டும் ஃபீஸ் டிமாண்டும் பேங்க்ல குடுக்கிறதுன்னு இந்த மூணும் இருக்கும். முதல் வருஷம் ஓடி ஓடி வாங்கிட்டு ரெண்டாவது வருஷம் மறந்துடுறாங்க, அந்த வருஷம்தான் நிறைய வீடு தடுமாறுது. எல்லா ரசீதையும் ஒரே ஃபைல்ல தேதி வரிசையில போட்டு வைங்க, போன்லயும் போட்டோ எடுத்து வைங்க.

படிப்பு முடிஞ்சு ஒரு வருஷத்துல வேலை கிடைக்கலன்னா பேங்க் போன எடுக்காம இருக்காதீங்க. தவணை ஆரம்பிக்கிறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே போய், வேலை இல்லன்னு எழுதிக் குடுத்து, அவகாசத்த நீட்டவோ தவணைக் காலத்த 15 வருஷம் வரைக்கும் ஆக்கி மாசத் தொகையக் குறைக்கவோ கேளுங்க. கணக்கு என்பிஏ (வாராக் கடன்) ஆனதுக்கு அப்புறம் போனா மேனேஜரால பெருசா ஒண்ணும் பண்ண முடியாது, அதுக்கு முன்னாடி போனா முடியும்.